வடகாலும் வாடகை சர்வரும்

கொற்கைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கடல் எங்கே என்பதுதான். கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், பாண்டியரின் முத்துத் துறைமுகத்தை மண்ணுக்குள் தள்ளியது. கப்பல்கள் பழையகாயலுக்கு மாறின, பிறகு தூத்துக்குடிக்கு. இன்று கொற்கை ஏரலுக்குப் பக்கத்தில் வயலும் வாழையும் குளமுமாக இருக்கும் ஒரு சிற்றூர். 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரியைச் சோதித்ததில் கி.மு. 785 என்ற காலக் கணிப்பு வந்தது. 2021இல் ஆதிச்சநல்லூர், சிவகளையோடு சேர்த்துக் கொற்கையிலும் மறுபடி குழிகள் வெட்டப்பட்டன.

இந்த அத்தியாயத்தில் நமக்கு நாமே ஒரு வேலை வைத்துக்கொள்வோம். கொற்கை மண்ணிலிருந்து வந்த பானை ஓடுகள், அறுத்த சங்குத் துண்டுகள், சிப்பிகள், குழிகளின் மண்ணடுக்குகள் எல்லாவற்றின் படங்களையும் இணையத்தில் வைக்க வேண்டும். இருபதாயிரம் படங்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 20 மெகாபைட். மொத்தம் 400 ஜிகாபைட். ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும் சரக்குதான். ஆனால் பார்க்க வருகிறவர்கள் மூன்று வகை. ஊர்க்காரர், மாணவர், செய்தியாளர் என்று யார் வேண்டுமானாலும் வந்து சிறிய படத்தைப் பார்க்கலாம். ஆராய்ச்சியாளருக்கு மூலப்படம் வேண்டும். தளத்தில் வேலை பார்ப்பவர் புதுப் படங்களை ஏற்ற வேண்டும். இவர்களோடு நாலாவதாக ஒரு வகையும் உண்டு: படத்தைச் சிறிதாக்கும் நிரல், தேடித் தரும் நிரல், காப்பு எடுக்கும் நிரல். நிரல்களும் ஆட்களைப் போலவே கதவைத் தட்டுகின்றன. அவற்றுக்கும் ‘நீ யார், இங்கே உனக்கு என்ன வேலை’ என்ற கேள்வி உண்டு.

சொந்தமாக சர்வர் வாங்கித் திருநெல்வேலியில் ஓர் அறையில் வைக்கலாம். ஏசி, யுபிஎஸ், ஜெனரேட்டர், இரவுக் காவல், கெட்டுப்போன டிஸ்க்கை மாற்ற ஆள் என்று பட்டியல் நீளும். அதனால் வாடகைக்கு எடுப்போம். அமேசான் 2006 மார்ச்சில் சேமிப்பிடத்தையும் அதே ஆண்டு ஆகஸ்டில் கணினியையும் மணிக்கணக்கில் வாடகைக்குவிடத் தொடங்கியது. மேகக் கணிமை என்று பாடப்புத்தகமும், கிளவுட் என்று மற்ற எல்லாரும் சொல்வது இந்த வாடகைத் தொழிலைத்தான். மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016 ஜூனில் மும்பையிலும் டேட்டா சென்டர்களைத் திறந்தன.

எந்த ஊர் டேட்டா சென்டரை எடுப்பது என்பது முதல் முடிவு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொற்கையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். போய்த் திரும்பக் குறைந்தது 13 மில்லிசெகண்ட். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வைத்தால் சுமார் 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிசெகண்ட். ஒரு பக்கம் முழுதாகத் திறக்க ஒன்றன்பின் ஒன்றாக முப்பது தடவை போய்வர வேண்டியிருந்தால், மும்பையில் அரை நொடிக்குள் முடியும் வேலை வர்ஜீனியாவில் நாலு நொடியைத் தாண்டும். ஏரலில் செல்போனில் பார்ப்பவர் அதற்குள் வேறு பக்கம் போய்விடுவார். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையான நேரம் இதைவிட எப்போதும் கூடுதல்.

வாடகைதாரராக இருப்பதோடு இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பங்கு முடிந்துவிடவில்லை. தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் தென்காசிப் பக்கம், மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ அங்கேதான் வளர்ந்தது. பெரிய கிளவுட் நிறுவனங்களிடம் வாடகைக்கு இருக்காமல், சென்னை, மும்பை உட்படப் பல இடங்களில் தன் சொந்த டேட்டா சென்டர்களில் ஓடும் நிறுவனம் அது. அதன் கதைக்குப் பிறகு வருவோம்.

வாடகைக்கு எடுத்தவுடன் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. கட்டடம், மின்சாரம், டிஸ்க், கேபிள் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், எது எங்கே ஓடும், எது எவ்வளவு நாள் இருக்கும் என்பவை நம் தலையில். ‘இயந்திரம் நல்ல கையில் இருக்கிறது, இனி பயமில்லை’ என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். கிளவுட்டில் நமக்கென்று மிஞ்சுவது அமைப்பு ஒன்றே. நடக்கிற விபத்துகளில் பெரும்பகுதியும் அந்த அமைப்பில்தான் நடக்கிறது.

முதலில் நிரலை ஏற்றுவோம். பாளையங்கோட்டையில் ஒருவர் தன் லேப்டாப்பில் படம் தேடும் நிரலை எழுதுகிறார். அங்கே ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் ஓடவில்லை. அங்கே பைத்தானின் பதிப்பு வேறு, படத்தைச் சுருக்கும் துணை நிரல் வேறு. இந்தத் தலைவலிக்கு மருந்துதான் கன்டெய்னர். நிரலையும் அதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி, எங்கே இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடச் செய்வது. இதன் வேர் 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருக்கிறது; ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி, இதுதான் உலகம் என்று நம்பவைக்கும் வசதி அப்போதே வந்துவிட்டது. 2006இல் கூகுள் பொறியாளர்கள், ஒரு நிரல் கூட்டம் எவ்வளவு நினைவகமும் எவ்வளவு கணிப்பு நேரமும் எடுக்கலாம் என்று வரம்பு கட்டும் முறையை எழுதத் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் அது லினக்ஸில் சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் ஒரு மாநாட்டில் ஐந்து நிமிடம் பேசி டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியை அறிமுகம் செய்தார். பழைய சாமான்களை எவரும் எளிதாகக் கையாளும்படி கோத்துக் கொடுத்தது டாக்கரின் சாமர்த்தியம்.

கன்டெய்னரை விளக்கும்போது தூத்துக்குடித் துறைமுகத்து இரும்புப் பெட்டியைக் காட்டுவது எல்லாருக்கும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்புப் பெட்டிக்கு நாலு பக்கமும் தனிச் சுவர். மென்பொருள் கன்டெய்னர்களோ ஒரே சர்வரில் ஒரே லினக்ஸ் கருவை எல்லாம் பங்குபோட்டுக்கொண்டு ஓடுகின்றன. அவற்றுக்கு இடையில் இருப்பது அந்தக் கரு போட்டுவைத்திருக்கும் விதி மட்டுமே. 2019 பிப்ரவரியில் அந்த விதியில் ஓட்டை தெரிந்தது. கன்டெய்னர்களை ஓடவைக்கும் ‘ரன்-சி’ என்ற சிறு நிரலையே, உள்ளே இருக்கும் ஒரு கெட்ட கன்டெய்னர் அழித்து எழுதி, சர்வர் முழுவதையும் பிடித்துக்கொள்ள முடிந்தது. அதனால்தான் கன்டெய்னருக்குள் நிரலை ‘ரூட்’ என்ற சர்வாதிகாரப் பயனராக ஓடவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் தானாக அமைவது பல இடங்களில் ரூட்தான். மாற்றுவது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருப்பவர்கள் ஏராளம்.

கன்டெய்னரில் இன்னொரு நுட்பமான பொறி உண்டு. கட்டு என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட படலங்களால் ஆனது. படங்களின் விவரங்கள் இருக்கும் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஒரு படலத்தில் தெரியாமல் வைத்துவிட்டு, அடுத்த படலத்தில் நீக்கினால் மேலிருந்து பார்க்கும்போது அது இல்லை. அடியில் இருக்கிறது. கட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். கொற்கைக் குழியில் அடுக்கடுக்காக இறங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடவுச்சொல்லைக் கட்டுக்குள் வைக்கவே கூடாது. ஓடத் தொடங்கும் நேரத்தில் வெளியிலிருந்து தர வேண்டும்.

கன்டெய்னர் சாகும், மறுபடி பிறக்கும். செத்தால் அதற்குள் எழுதிய கோப்பும் சேர்ந்து போகும். எனவே படங்கள் அதற்குள் இருக்கக் கூடாது. தனியான சேமிப்பிடத்தில் இருக்க வேண்டும். இந்தப் பிரிவினை செய்துவிட்டால் ஒரு வசதி கிடைக்கிறது. 2025 ஜனவரி 23 அன்று, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்ற ஆய்வு முடிவை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெளியிட்டார். அப்படியொரு நாளில் நம் தளத்துக்கு வழக்கத்தைவிட நூறு மடங்கு பேர் வந்தாலும் வருவார்கள். இரண்டு கன்டெய்னர் இருபதாகப் பெருகலாம், மாலையில் மறுபடி இரண்டாகலாம். பெருகுவதற்கு ஓர் உச்சவரம்பு போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் யாரோ குறும்புக்கு அனுப்பும் போலிக் கூட்டத்துக்கும் கன்டெய்னர்கள் பெருகி, மாதக் கடைசியில் பில்லாக வரும். ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை மேய்ப்பதற்குக் கூகுள் 2014இல் திறந்துவிட்ட குபர்னெட்டீஸ் இருக்கிறது. அருமையான கருவி. நம் கொற்கைத் தளத்துக்கு அது வேண்டாம். அதைக் கட்டி மேய்க்கவே தனி ஆள் வேண்டியிருக்கும். கிளவுட் நிறுவனமே கன்டெய்னரை ஓட்டித் தரும் எளிய சேவை போதும்.

இனி நெட்வொர்க். வீட்டுக்காரர் நமக்கென்று வேலி போட்ட ஒரு தனி முகவரி நிலத்தைத் தருகிறார். உள்ளே மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள் இவை. 1996இல் இணையப் பொறியாளர்கள் இதற்கென்றே 10 என்று தொடங்கும் எண்கள் முழுவதையும் வேறு சில தொகுதிகளையும் ஒதுக்கினார்கள். 10.20.0.0/16 என்று எடுத்துக்கொண்டால் 65,536 முகவரிகள் கிடைக்கும். நமக்கு அதில் கால் சதவீதம்கூடத் தேவைப்படாது. ஆனாலும் அதை மூன்று துண்டாகப் பிரிப்போம். வெளியுலகத்தைப் பார்த்த துண்டில் வரவேற்பு சர்வர் மட்டும். நடுத்துண்டில் கன்டெய்னர்கள். உள்துண்டில் தரவுத்தளம். வரவேற்பு சர்வரில் 443 என்ற வாசல் உலகத்துக்கே திறந்திருக்கும். கன்டெய்னருக்குள் வரவேற்பு சர்வர் மட்டும் நுழையலாம். தரவுத்தளத்தின் 5432 என்ற வாசலில் கன்டெய்னர்கள் மட்டும் நுழையலாம்.

ஸ்ரீவைகுண்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அங்கேதான் இருக்கிறது; அதிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு பெருங்கால்கள் பிரிகின்றன. வடகால் தண்ணீர் குளம் குளமாக நிறைத்துக்கொண்டு கொற்கைக் குளம் வரை வருகிறது. குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். அணைக்கட்டு ஷட்டரைப் பொறியாளர் உத்தரவின்படி லஸ்கர் என்ற மதகுப் பணியாளர் ஏற்றி இறக்குவார். வயல்காரர் தன் வரப்பை வெட்டித் தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சலாம். ஷட்டர் பக்கம் போக முடியாது. வரப்பில் தவறு நடந்தால் ஒரு வயல்தான் கெடும். தவறுகிறவர் கையில் எவ்வளவு பெரிய ஷட்டர் இருந்தது என்பதைப் பொறுத்தே சேதம். நெட்வொர்க்கைத் துண்டாடுவதும் அனுமதியைத் துண்டாடுவதும் இந்த ஒரு கணக்குக்காகத்தான்.

துண்டாடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டின் முதல்தர மருத்துவமனையே சாட்சி. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்களில் இருந்த தரவைத் தாக்கியவர்கள் மறைகுறியாக்கிப் பூட்டியதால் அவை முடங்கின. புறநோயாளிச் சீட்டிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வரை நாள்கணக்கில் கையால் எழுத வேண்டியதாயிற்று. சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்துவைக்காததே காரணம் என்றும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. எய்ம்ஸ் அப்போது வைத்திருந்தது சொந்த சர்வர்கள். கிளவுட்டில் இருந்திருந்தாலும் நெட்வொர்க் பிரிக்கப்படாமல் இருந்தால் கதை ஒன்றுதான்.

எய்ம்ஸில் உடைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. குளத்தின் கரை உடைந்தாலும் அப்படித்தான். மட்டம் இறங்கும், ஊரே ஓடிவரும். தரவு திருடு போனால் மட்டம் இறங்காது. எடுத்தவரிடம் ஒரு பிரதி இருக்கும், உங்களிடமும் முழுதாக அப்படியே இருக்கும். மடை ஒப்புமை கைவிடும் இடம் இதுதான். அனுமதியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய காரணமும் இதுதான்.

கேப்பிடல் ஒன், தன் வேலைகளை அமேசான் கிளவுட்டுக்கு மாற்றியதைப் பெருமையாகச் சொல்லிவந்த அமெரிக்க வங்கி. 2019 மார்ச்சில் ஒருவர் அதன் வாசலில் நின்ற ஃபயர்வாலிடம் ஒரு விசித்திரமான வேலை சொன்னார்: ‘நீ எனக்காக இந்த முகவரிக்குப் போய்க் கேட்டு வா.’ முகவரி 169.254.169.254. வெளியிலிருந்து யாரும் இதை அடைய முடியாது. கிளவுட்டுக்குள் ஓடும் ஒவ்வொரு சர்வரும் ‘நான் யார், எனக்கு என்ன அனுமதி, அதற்கான தற்காலிகச் சாவி என்ன’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் முகவரி அது. தவறாக அமைக்கப்பட்டிருந்த ஃபயர்வால், சொன்னபடி போய்க் கேட்டு, தன் சாவியை வாங்கி வெளியே இருந்தவர் கையில் கொடுத்துவிட்டது.

இதுவரை நடந்தது ஒரு சின்னத் தவறு. பெரிய தவறு அதற்கு முன்பே நடந்திருந்தது. வருகிற போக்குவரத்தைச் சலித்துப் பார்ப்பதுதான் ஃபயர்வாலின் வேலை. அதன் சாவிக்கோ சேமிப்பிடங்களின் பட்டியலைப் பார்க்கவும், உள்ளே இருப்பதைப் படிக்கவும் அனுமதி இருந்தது. வாயிற்காவலர் கையில் பெட்டகச் சாவி எதற்கு என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. வங்கிக்கு இது ஜூலையில்தான் தெரியவந்தது, அதுவும் வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால். அடுத்த ஆண்டு கண்காணிப்பு அமைப்பு விதித்த அபராதம் 8 கோடி டாலர். பின்னாளில் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் அமேசானில் முன்பு வேலை பார்த்த பொறியாளர். சம்பவத்துக்குப் பிறகு, 2019 நவம்பரில், சாவி தரும் முகவரியை இப்படி ஏமாற்றிக் கேட்பதைக் கடினமாக்கும் புது முறையை அமேசான் கொண்டுவந்தது.

எந்த ஆளுக்கும் எந்த நிரலுக்கும் வேலைக்குத் தேவையானதைவிட ஒரு துளி அதிகாரம் கூடுதலாகத் தராதே என்று 1975லேயே சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகுத்துவைத்துவிட்டார்கள். தடை செய்யாததெல்லாம் அனுமதி என்று வைக்காதே, அனுமதி தராததெல்லாம் தடை என்று வை என்பதும் அதே கட்டுரைதான். எல்லாருக்கும் தெரிந்த இந்த விதி ஏன் மீறப்படுகிறது? வெள்ளிக்கிழமை மாலை நிரல் ஓடவில்லை, ‘அனுமதி இல்லை’ என்று பிழை வருகிறது. எந்த அனுமதி குறைகிறது என்று தேட ஒரு மணி நேரம் ஆகும். ‘எல்லாம்’ என்ற பொருளில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் ஓடும். திங்கட்கிழமை வந்து சரிசெய்யலாம் என்ற நினைப்பு. திங்கட்கிழமை வேறு வேலை வந்துவிடும். நட்சத்திரம் வருடக்கணக்கில் அங்கேயே ஒளிரும்.

நம் தளத்துக்கு வருவோம். ஓர் அனுமதி விதியில் நாலு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: யார், என்ன செய்யலாம், எதன் மேல், எந்த நிபந்தனையில். பொதுமக்கள் சிறுபடத் தொகுப்பை மட்டும் பார்க்கலாம். ஆராய்ச்சியாளருக்கு மூலப்படத்தின் பதினைந்து நிமிடம் மட்டும் செல்லும் இணைப்பு. அதற்குள் இறக்கிக்கொள்ளலாம், நண்பருக்கு அனுப்பினால் காலையில் அது செத்திருக்கும். படம் ஏற்றுபவர் ஏற்றலாம், அழிக்க முடியாது; அதே பெயரில் புதுப்படம் போட்டாலும் பழையது அடியில் இருக்கும்படி அமைத்துவிடலாம். படம் சுருக்கும் நிரல் மூலத்தைப் படிக்கலாம், சிறுபடத் தொகுப்பில் எழுதலாம், வேறெதுவும் முடியாது. அதை யாராவது வசப்படுத்தினாலும் அவர்களால் செய்ய முடிந்த அதிகபட்சக் கெடுதல், மூலங்களைப் பிரதி எடுப்பதும் பானை ஓட்டுக்குப் பதில் வேறு ஏதோ படத்தைக் காட்டுவதும்தான்; மூலம் அழியாமல் இருக்கும். சேமிப்பிடத்தை உலகத்துக்கே திறந்துவைத்துவிடும் விபத்து ஒரு காலத்தில் வாரம் ஒரு செய்தி. 2023 ஏப்ரலிலிருந்து அமேசானில் புதிதாகத் திறக்கும் சேமிப்பிடம் பொதுமக்களுக்கு மூடியே வருகிறது. பழைய சேமிப்பிடங்களை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிரல்களுக்கு நிரந்தரச் சாவி தராதீர்கள். காலாவதியாகாத சாவியைப் பொறியாளர் நிரலோடு சேர்த்து எழுதி, நிரலைப் பொதுவில் பகிர்ந்து, அதைத் துழாவிக்கொண்டே இருக்கும் எந்திரங்கள் சில நிமிடங்களில் எடுத்துவிடுவது அன்றாட நிகழ்வு. திருடியவர்களுக்கு உங்கள் பானை ஓடு வேண்டாம். உங்கள் கணக்கில் நூறு பெரிய சர்வர்களைக் கிளப்பிக் கிரிப்டோ நாணயம் தோண்டுவார்கள். ஒரு மணி நேரமோ சில மணி நேரமோ மட்டும் செல்லும் தற்காலிகச் சாவியைக் கிளவுட் தானே கொடுத்து, தானே மாற்றிக்கொள்ளும் வசதி எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது. கேப்பிடல் ஒன்னில் களவுபோனதும் தற்காலிகச் சாவிதான் என்பது உண்மை. சாவி எவ்வளவு காலம் செல்லும், எதையெல்லாம் திறக்கும் என்ற இரண்டுக்கும் வரம்பு வேண்டும். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்ற பதிவேட்டைத் தனிக் கணக்கில் எழுதவிட வேண்டும். தளத்தை ஆள்பவருக்கே அதை அழிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

தவறு வீட்டுக்காரர் பக்கத்திலும் நடக்கும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம் கூகுளிடம் வைத்திருந்த தனிக் கிளவுட் மறைந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரம்போலத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஓராண்டுக்கு முன் அந்த ஏற்பாட்டை அமைத்த கூகுள் ஊழியர் உள்கருவி ஒன்றில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். கருவி அதை ‘ஓராண்டு ஒப்பந்தம்’ என்று எடுத்துக்கொண்டு, ஆண்டு முடிந்ததும் ஒழுங்காக அழித்துவிட்டது. நிதியம் வேறு நிறுவனத்திடமும் ஒரு காப்புப் பிரதி வைத்திருந்ததால் பிழைத்தது.

இப்போது மத்தளம்பாறை நிறுவனத்துக்கு வருவோம். சொந்த சர்வர், சொந்த டேட்டா சென்டர், சொந்த நிரல் என்று இருக்கும் ஜோஹோ, 2018 செப்டம்பர் 24 அன்று பல மணி நேரம் உலகத்தின் பார்வையிலிருந்து மறைந்தது. சர்வர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஜோஹோ டாட் காம் என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம், ஜோஹோ மின்னஞ்சலைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்துவதாக வந்த ஒருசில புகார்களைக் காரணம் காட்டி அந்தப் பெயரையே நிறுத்திவைத்துவிட்டது. பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் தொடர் அறுந்தது. உலகெங்கும் அலுவலகங்களில் மின்னஞ்சலும் கணக்கும் திறக்கவில்லை. ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து உதவி கேட்கும் நிலை. பெயர் திரும்பி வந்த பிறகும் பழைய தகவல் ஆங்காங்கே தேங்கிக் கிடந்ததால் பலருக்கு உடனே திறக்கவில்லை. பெயர் தேடும் சர்வரை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெயர்ப் பதிவைப் பிறகு கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்துக்கு மாற்றினார்கள். எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்த நிறுவனத்தின் ஒரே ஒரு ஷட்டர் வேறொருவர் கையில் இருந்தது.

பாதை அறுவதற்கு மனிதத் தவறுகூட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. குளங்கள் உடைந்தன, மின்சாரமும் செல்போனும் போயின. மும்பை டேட்டா சென்டருக்கு அன்று ஓர் ஆபத்தும் இல்லை. அங்கே இருக்கும் தகவலை ஏரலில் பார்க்க வழிதான் இல்லை. கொற்கைப் படங்களுக்கு இது பெரிய இழப்பல்ல. நிவாரணப் பட்டியலும் மருத்துவப் பதிவும் கிளவுட்டில் மட்டும் இருக்கும் ஊருக்குப் பெரிய இழப்பு. மேட்டு நிலத்தில், உள்ளூரிலேயே ஒரு பிரதி வேண்டும் என்று சொன்னால் கிளவுட் விற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கடைசியாக, கருவிகள் எதுவும் தீர்த்துவைக்காத ஒரு விஷயம். நம் அலுவலகங்களில் கிளவுட் கணக்கு பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில், அவருடைய செல்போன் எண்ணில் திறக்கப்படுகிறது. ஓடிபி அவருக்குத்தான் போகும். ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விடுவார். அதிகாரிக்கும் மாறுதல் வரும். பில் வராமல் நின்றுபோகும்போதோ, கட்ட வேண்டிய கார்டு காலாவதியாகும்போதோதான் மூலக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற தேடல் தொடங்கும். நீங்கள் பொறுப்பில் இருக்கும் ஏதாவது ஒரு தளம் உண்டென்றால் மூலக் கணக்கையும் பெயர்ப் பதிவையும் இன்றே பாருங்கள். இரண்டும் அலுவலகத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். இரண்டாம் அடையாளக் கருவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். மூலக் கணக்கை அன்றாட வேலைக்கு யாரும் தொட வேண்டாம். வேலையைவிட்டுப் போனவர்களின் சாவிகளை, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், நீக்கிவிடுங்கள்.